நாலு மணிச் சீழ்க்கை

சோல்வெய் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் காலணியைக் கழற்றிப் போட்ட கையோடு தலையை அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பாள். வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். முப்பத்தோரு வருஷமாக இதே பழக்கம். சுண்ட்ஸ்வால் என்கிற அந்தக் குளிர்தேச நகரத்தில் அவள் அண்ணாந்து பார்க்காத குளியலறைக் கூரை ஒன்று மிச்சம் இருந்தால் அது புதிதாகக் கட்டினதாக இருக்கும். அடுக்குமாடிக் கட்டடங்களில் காற்று ஒழுங்காக வருகிறதா, ஒழுங்காகப் போகிறதா என்று ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தக் கையெழுத்து அவளுடையது.

வேலையில் பெரிய மர்மம் ஏதும் கிடையாது. சன்னலுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குப் பிளவு இருக்கும், அது வழியாக வெளிக்காற்று உள்ளே இறங்கும். நேர் கீழே வெந்நீர் ஓடும் ஹீட்டர், இறங்குகிற குளிரை அங்கேயே மடக்கிச் சூடாக்கிவிடும். சமையலறையிலும் குளியலறையிலும் கூரையோரமாக உள்ளங்கை அகலத்தில் ஒரு காற்று வாய். சுவருக்குள் போகும் குழாய் அதை மொட்டைமாடி விசிறியோடு இணைக்கும். ஒன்பது மாடிக் கட்டடமானாலும் அந்த ஒரே விசிறிதான். அது அழுக்குக் காற்றை எல்லாம் உறிஞ்சி வானத்தில் துப்பிவிடும். ஒரு வீட்டில் அதிகமாக இழுத்தால் இன்னொரு வீட்டுக்கு மூச்சு முட்டும். ஆகவே ஒவ்வொரு வாயையும் அளந்து, திருகி, எல்லாருக்கும் நியாயமாகப் பங்கு பிரித்து வைக்க வேண்டும்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டுக்குள் வருவதைவிட வெளியே இழுப்பது எப்போதும் துளி கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் படிக்கட்டுக் காற்று கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் போகும், வீட்டு வாடை படிக்கட்டுக்கு வராது. இதில் சோல்வெய்க்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

"நான் அளந்து விட்ட கட்டடத்துல நீ தினம் மீன் வறுத்துக்கோ, எதிர்வீட்டுக்காரனுக்கு மூச்சு விட்டாலும் தெரியாது" என்பாள்.

ஆனால் ஜனங்கள் இருக்கிறார்களே! குளிர் அடிக்கிறது என்று சன்னல் பிளவை டேப் போட்டு ஒட்டுவார்கள். விசிறிச் சத்தம் பிடிக்கவில்லை என்று காற்று வாய்க்குள் எதையாவது திணிப்பார்கள். சோல்வெய் அந்த ஓட்டைகளிலிருந்து உருவி எடுத்ததை எல்லாம் சேர்த்தால் ஒரு கடையே வைக்கலாம். காலுறை, கிறிஸ்துமஸ் மேஜைத்துணி, ஒரு வீட்டில் மாமனாருடைய புகைப்படம் சுருட்டி வைத்தது.

"உன் மூக்கை இப்படி அடைச்சுக்கிட்டு ஒரு ராத்திரி தூங்கிப் பாரேன்" என்று வீட்டுக்காரர் கையிலேயே அதைக் கொடுத்துவிட்டு வருவாள்.

அவள் சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்யாணம் ஒன்று நடந்தது, ஒன்பது வருஷத்தில் சத்தமில்லாமல் முடிந்தது. பிள்ளை கிடையாது. நார்வேயில் ஒரு அக்கா, வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை. ஊருக்குள் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் எட்டு வருஷமாகத் தனியாக இருந்தாள். மாடிப்படியில் யாராவது எதிரே வந்தால் இரண்டு பேரும் தலையை ஆட்டுவார்கள், அத்தோடு சரி. கீழ் வீட்டில் நகரப் பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி இருப்பது சீருடையிலிருந்து தெரியும். பெயர் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை. இந்த ஊரில் அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை, எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

காப்பி நேரத்தில் சக ஊழியர்களைச் சிரிக்க வைக்க அவளிடம் ஒரு கதை மட்டும் கைவசம் இருந்தது. பைன் காட்டோரம் மேட்டில் நிற்கிற ஒன்பது மாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடிக்காரர் கதை. "மணி அடிக்கிறேன், தட்டறேன், நான் யாருன்னு கத்திச் சொல்றேன். உள்ள ஆள் இருக்கார். எப்படித் தெரியும்னு கேளு. சீட்டி அடிச்சுக்கிட்டு சமைக்கிறார்! மணி அடிச்சா சீட்டி, தட்டினா அதுக்கும் சீட்டி. எனக்கு வந்துது பாரு ஒரு கோபம்" என்பாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆறு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திறக்காத வீட்டுக்குள் காற்றை எப்படி அளப்பது? அதற்கும் தொழிலில் ஒரு குறுக்கு வழி இருந்தது. மொட்டைமாடியில் மொத்தக் காற்றையும் அளந்து, அதிலிருந்து மற்ற வீடுகளின் அளவைக் கழித்தால் மிச்சம் அந்த வீட்டுக் காற்று. அன்றைக்குக் கழித்தாள். விநாடிக்குப் பதினைந்து லிட்டர் வந்தது, கனகச்சிதம். 'உள்ளே அனுமதி இல்லை, காற்றோட்டம் நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது ஆறு வருஷம் கழித்து, பிப்ரவரி மாதம், அதே கட்டடம். ஓய்வு பெற அவளுக்கு நாலு மாதம் இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு ஏழாம் மாடி மணியை அடித்தாள். கதவில் எவெர்ட் ஹால்கிரென் என்று பெயர், கீழே 'விளம்பரத் தாள் வேண்டாம்' என்று அச்சடித்த ஒட்டுத்தாள். அதற்கும் கீழே தபால் போடுகிற துவாரம், பித்தளை மூடியோடு. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கட்டடப் பராமரிப்பாளன் யோத்தே சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் பழக்கம்.

"இப்பத் திறக்க மாட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு வா. சமைக்கிற நேரம். சீட்டி கேட்டுச்சுன்னா ஆள் இருக்கார்னு அர்த்தம்."

"நீ அவரைக் கடைசியா எப்பப் பார்த்தே?"

யோத்தே யோசித்தான். "பார்த்தது... சரியா ஞாபகம் இல்ல. ஆனா ஒரு புகார் கிடையாது, ஒரு தொல்லை கிடையாது. வாடகை வங்கியிலேருந்து தானாப் போயிடுது. இந்தக் கட்டடத்துலயே தங்கமான மனுஷன்னா அவர்தான்."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குன்வோர், எழுபத்தெட்டு வயது, கையில் பூவாளி. ஆறு வருஷத்துக்கு முன் சோல்வெய்யை உட்கார வைத்து செம்லா கொடுத்தவள். பிப்ரவரியில் எல்லா வீட்டிலும் இருக்குமே, கிரீம் வைத்த அந்த ரொட்டி உருண்டை, அதுதான்.

"எவெர்ட்டையா கேக்கறீங்க? இருக்காரு, இருக்காரு. நேத்திக்கும் கேட்டேனே. நாலு மணி ஆச்சுன்னா ஆரம்பிச்சிடுவாரு. எனக்கு அதைக் கேட்டுத்தான் உருளைக்கிழங்கை அடுப்புல போடறதே."

"என்ன பாட்டு அடிப்பார்?" சோல்வெய் சும்மா கேட்டு வைத்தாள்.

"முன்னெல்லாம் பாட்டாத்தான் அடிப்பாரு. வால்ஸ், பழைய நடனப் பாட்டு எல்லாம் வரும். அப்புறம் கொஞ்ச வருஷமா ஒரே சுரம்தான். நிறுத்தாம ஆறு மணி வரைக்கும் ஒரே சுரம். வயசாயிடுச்சுல்ல பாவம், பாட்டெல்லாம் மறந்துபோச்சு போலிருக்கு."

சோல்வெய்க்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாமல் போனது எப்படி என்று பிற்பாடு அவள் தன்னையே கேட்டுக் கேட்டு மாய்ந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள்.

மொட்டைமாடியில் முழங்கால் வரை பனி. காக்கைகள் விசிறிக் கூண்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன, அவளைக் கண்டும் நகரவில்லை. வெதுவெதுப்பான காற்று வருகிற இடம், அதனால் உட்காரும் என்று வழக்கமாகச் சொல்வாள். அன்று ஏனோ கையை வீசி விரட்டினாள். கூண்டின் கதவைத் திறந்து உள்ளே இருந்த நேரக்கருவியைப் பார்த்தாள். சமையல் நேரத்தில் விசிறி வேகம் கூட வேண்டும் என்று வைத்த கருவி. பதினாறு மணி முதல் பதினெட்டு மணி வரை என்று சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தது. கீழே தேதியும் அவளுடைய கையெழுத்தும்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமை. இப்போது ஞாபகம் வந்தது. அன்று காலை முழுக்க இந்தக் கருவியைப் பொருத்துவதில் போய்விட்டது. உறைந்துபோன திருகுகளோடு மல்லுக்கட்டிவிட்டு விரல் மரத்துப்போய் கீழே இறங்கினாள், மற்ற வீடுகளை முடித்தாள், மூன்று மணிக்குக் குன்வோர் வீட்டில் செம்லாவும் காப்பியும் என்று உட்கார்ந்தாள். எவெர்ட் வீட்டு மணியை அடிக்கும்போது நாலு பத்து. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் அந்த விசிறி தன் ஆயுசில் முதல் தடவையாக நாலு மணி வேகத்தைப் பிடித்தது.

பனியில் அப்படியே நின்றாள். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். கிழவிக்குப் புத்தி பேதலிக்கிறது, நாலு மாதத்தில் ஓய்வு, அதனால்தான் இப்படி எல்லாம் தோன்றுகிறது.

மூன்று ஐம்பதுக்கு ஏழாம் மாடியில் அந்தக் கதவின் முன் நின்றாள். சன்னலுக்கு வெளியே பனி நீலமாகிக்கொண்டிருந்தது. மணியை அடித்தாள். பதில் இல்லை. தட்டினாள். கதவில் காதை வைத்தாள். உள்ளே ஒரு வீடு காலியாக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

நாலு மணிக்குச் சுவருக்குள் அந்த உறுமல் கேட்டது. குழாய்க்குள் மேலிருந்து கீழாக வேகம் இறங்கி வருவதை அவளுக்கு எப்போதும் உள்ளங்காலிலேயே உணர முடியும். அது ஏழாம் மாடியைத் தாண்டியது. கதவுக்குப் பின்னால் சீழ்க்கை தொடங்கியது.

மெல்லியதாக, ஒரே சுரத்தில், ஆள் வேலையில் மூழ்கி உதட்டைக் குவித்து அடிப்பானே, அப்படி. சத்தம் இடுப்பளவு உயரத்திலிருந்து வந்தது. சோல்வெய் குனிந்தாள். பித்தளை மூடி மயிரிழை அளவுக்குத் திறந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

சீழ்க்கை நின்றது.

கையை எடுத்தாள். மறுபடி ஆரம்பித்தது. மறுபடி அழுத்தினாள், நின்றது. எத்தனை தடவை அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் கை நடுங்கியதால் சுரமும் நடுங்கியது, உள்ளே யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டி அடிப்பது மாதிரி. அதைக் கேட்டதும் துள்ளி எழுந்து படியில் நாலு மாடி இறங்கிப் போய் யோத்தேயைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"என்ன அவசரம் உனக்கு? அதான் சீட்டி கேக்குதே. மனுஷன் சமைச்சிட்டு இருக்கார், விடேன்."

"குனி."

"எதுக்கு?"

"குனிடா சொல்றேன். கையை இங்க வை. அழுத்து."

அவன் அழுத்தினான். நின்றது. ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தான்.

"எடு."

எடுத்தான். சீழ்க்கை அவன் விரல்களுக்கு நடுவிலிருந்தே கிளம்பியது. யோத்தே சுடுபாத்திரத்தைத் தொட்ட மாதிரி கையை உதறிக்கொண்டான்.

"இப்பச் சொல்லு. யாரு ஊதறா?"

அவன் கதவை விட்டு ஒரு எட்டு பின்வாங்கினான்.

"நான்தான் யோத்தே. மேல அந்த விசிறிக்கு நேரம் வெச்சது நான். சன்னல் பிளவை எல்லாம் உள்ள டேப் போட்டு ஒட்டியிருப்பார். இழுக்கிற காத்துக்கு வர வேற வழி இல்ல, இந்த மூடி வழியாத்தான் வருது. ஆறு வருஷமா நான்தான் ஊதிட்டு இருக்கேன். நீங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கீங்க."

"அப்ப அவர்?"

"போலீஸைக் கூப்பிடு."

இரண்டு போலீஸ்காரர்களும் பூட்டுத் திறக்கிறவனும் வருவதற்கு ஐந்தே கால் ஆனது. அதுவரை சீழ்க்கை நிற்கவில்லை. யோத்தே படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். வந்தவர்களில் ஒருத்தி இளம்பெண், தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள், நெற்றியில் ஒரு கற்றை மட்டும் அவிழ்ந்து விழுந்திருந்தது. பூட்டு சொடுக்கியதும் கதவு உள்ளே போனது. அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து படிக்கட்டுக் காற்று முழுவதும் ஒரே வீச்சில் வீட்டுக்குள் புகுந்தது. அந்தப் பெண்ணின் நெற்றிக் கற்றை முன்பக்கமாக, வீட்டை நோக்கிப் பறந்தது. மூக்கைப் பிடிக்கத் தயாராக எல்லாரும் கையைத் தூக்கியிருந்தார்கள். ஒரு வாடையும் வரவில்லை. வராது. அப்படித்தானே அளந்து வைத்திருந்தாள்.

கதவு திறந்ததில் சீழ்க்கை நின்றுவிட்டது. எதிர்வீட்டு வாசலில் குன்வோர் உருளைக்கிழங்குக் கத்தியோடு நின்றிருந்தாள்.

"நிறுத்திட்டாரே" என்றாள்.

யோத்தே எழுந்து போய் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டான்.

சோல்வெய்யை உள்ளே விடவில்லை. வாசலில் நின்றபடி அவள் பார்த்தது இவ்வளவுதான். முழங்கால் உயரத்துக்குச் சரிந்து கிடந்த கடிதங்கள், நீளமான நடை, கடைசியில் சமையலறை மேஜையின் ஒரு முனை. நடைக்கு நடுவில் போலீஸ்காரர் மண்டியிட்டு உட்கார்ந்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆள் நடையில்தான் கிடந்தார், தலை வாசல் பக்கமாக. யாருக்கோ கதவைத் திறக்க வந்தவர் மாதிரி என்று அந்த இளம்பெண் சொன்னாள். சொன்ன பிறகுதான், யாரிடம் சொல்கிறோம் என்று புரிந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே சோல்வெய்? இந்தத் தாள்ல உங்க பேர் இருக்கு."

பிளாஸ்டிக் பைக்குள் ஒரு தாள். சோதனைக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் போடுகிற அறிவிப்புதான். செவ்வாய்க்கிழமை, காலை எட்டு முதல் பத்து மணிக்குள் வருவோம், இப்படிக்கு சோல்வெய். எட்டு, பத்து என்ற எண்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார்: 'காப்பி. செம்லா இரண்டு. சன்னலில் டேப் ஒட்டினதை ஒப்புக்கொள்ள வேண்டும்.'

"மேஜை மேல ரெண்டு கோப்பை வெச்சிருக்கார். தட்டுல ரெண்டு செம்லா, கல்லாயிடுச்சு. நீங்க வருவீங்கன்னு காத்துட்டு இருந்திருக்கார்."

சோல்வெய்க்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"நான் நாலு பத்துக்கு மணி அடிச்சேன். அப்ப உயிரோட இருந்தாரா?"

அந்தப் பெண் உள்ளே போய்த் திரும்பி வந்தாள். மாத்திரைப் பெட்டியைப் பார்த்தாளாம். வாரத்துக்கு ஏழு வரிசை, நாளுக்கு நாலு அறை உள்ள பெட்டி. செவ்வாய் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கிறார். மதிய மாத்திரை அப்படியே இருக்கிறது.

"மத்தியானத்துக்கு முன்னாடியே போயிருக்கலாம். இல்ல, விழுந்து எழுந்திருக்க முடியாம கிடந்திருக்கலாம். டாக்டர்தான் சொல்லணும்."

டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து சோல்வெய் அவரைத் தொலைபேசியில் பிடித்தாள். நாளைச் சொல்லலாம், மணியைச் சொல்ல முடியாது என்றார். உடம்பு அப்படியே உலர்ந்துவிட்டிருந்தது. ஹீட்டரின் சூடும் நிற்காத காற்றும்தான் காரணம் என்றார்.

"அந்த வீட்டுல காத்தோட்டம் ரொம்ப நல்லா இருந்திருக்குங்க. இவ்வளவு நல்லா நான் பார்த்ததே இல்ல. அதனாலதான் யாருக்கும் தெரியாமப் போச்சு."

முப்பத்தோரு வருஷத்தில் அவள் வேலையை ஒருவர் மனசாரப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மணி அடித்தபோது கேட்டிருப்பாரா? தட்டியபோது? 'எனக்கு வந்துது பாரு ஒரு கோபம்' என்று ஆறு வருஷம் சொல்லிச் சிரித்தாளே, அந்தக் கோபத்தில் கதவை ஒரு உதை உதைத்துவிட்டு வந்ததும் இப்போது ஞாபகம் வந்தது. நடையில் கிடந்தவருக்கு அந்த உதையும் கேட்டிருக்குமோ? உள்ளூர்ப் பத்திரிகை 'சீட்டி அடித்த வீடு' என்று அரைப் பக்கம் எழுதியது. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் ஒரு நாள் சாயங்காலம் தன் கதவின் பித்தளை மூடிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். நாலு மணி ஆனது. அவள் கட்டடத்து விசிறியும் வேகம் பிடித்தது. மூடி அசையவில்லை, ஒரு முனகல்கூட இல்லை. ஏன் வரும்? அவள் வீட்டில் சன்னல் பிளவுகள் எல்லாம் சுத்தமாகத் திறந்திருந்தன. வாடகை வங்கியிலிருந்து தானாகப் போகிறது. அக்காவின் அட்டை கிறிஸ்துமஸுக்குத்தான் வரும். எவெர்ட்டுக்காவது ஒரு சீழ்க்கை இருந்தது, தனக்கு அதுவும் இருக்காது என்று நினைத்தபோது அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. வேலைக்காக ஆயிரம் இருட்டுக் குழாய்க்குள் தலையை விட்டவள், தன் வீட்டு நடையில் விளக்கைப் போட எழுந்து ஓடினாள்.

மறுநாள் நாற்காலியைப் போட்டு ஏறி, சமையலறைக் காற்று வாய்க்குள் ஒரு தடித்த கம்பளிக் காலுறையைத் திணித்தாள். குளியலறை வாய்க்குள் அதன் ஜோடியை. பிறகு சந்தையிலிருந்து வாங்கி வந்த ஹெர்ரிங் மீனை வெண்ணெயில் போட்டுப் பொரித்தாள். வீடு புகைந்தது. கதவைச் சற்றே திறந்து முகர்ந்து பார்த்தாள். படிக்கட்டில் மீன் வாசம் கும்மென்று இறங்கிக்கொண்டிருந்தது. இதைச் செய்ததற்காக எத்தனை பேரை நிற்க வைத்துத் திட்டியிருப்பாள்! வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் தினம் நாலு மணிக்குப் பொரித்தாள்.

ஐந்தாம் நாள் துணி துவைக்கும் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெயர் போடாத கோபத்தாள், இந்த ஊர்ச் சண்டையெல்லாம் இப்படித் தாளில்தானே நடக்கும். 'மூன்றாம் மாடியில் மீன் பொரிக்கும் அன்பருக்கு. இந்தக் கட்டடத்தில் விசிறி என்று ஒன்று உண்டு. என் சீருடை முழுக்க மீன் நாற்றம். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் என்னை முகர்ந்து பார்க்கிறார்கள்.'

சோல்வெய் அதை மூன்று தடவை படித்தாள். பேனாவை எடுத்துக் கீழே எழுதினாள்: 'நான்தான். மூன்றாம் மாடி இடப்பக்கம், சோல்வெய். மன்னிக்கவும், நிறுத்த மாட்டேன். தினம் நாலு மணிக்கு வாசம் வரும். வராத நாளில் வந்து பார்க்கவும்.'

மறுநாள் தாள் அங்கே இல்லை. பதிலும் இல்லை. பைத்தியம் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஏப்ரலில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல்தான், ஆனால் ஆளைக் கட்டிலோடு போட்டுவிட்டது. முதல் நாள் மீன் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. தண்ணீர் எடுக்க எழுந்தவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டாள். சுவருக்குள் விசிறி வேகம் பிடித்தது. நாலு மணி. காலுறை திணித்த வாய்கள் வெறுமனே முணுமுணுத்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நடையின் கோடியில் மணி அடித்தது. தொடர்ந்து கதவைத் தட்டுகிற சத்தம். பித்தளை மூடி கிறீச்சிட்டது. அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். திறந்த படுக்கையறைக் கதவு வழியாக நடை முழுவதும் தெரிந்தது. மூடி மெல்ல மேலே எழும்பியது, நாலு விரல்கள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. விரல்களுக்கு மேலே இரண்டு கண்கள்.

சோல்வெய் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"மீன் எங்க?" கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல். "ரெண்டு நாளா வாசமே இல்லையே. உள்ள இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள் சோல்வெய். தொண்டையிலிருந்து பாதிதான் வந்தது.

"என்னமோ கேக்குது, விளங்கல."

"இருக்கேன், இருக்கேன். காய்ச்சல். ஒண்ணும் இல்ல, நீங்க போங்க."

"சத்தத்தை நம்பி நான் போறதா இல்ல" என்றது அந்தக் குரல். "பேப்பர்ல அந்த வீட்டைப் பத்திப் படிச்சேன். எழுந்து வந்து முகத்தைக் காட்டு. காட்டற வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருப்பேன், இன்னைக்கு எனக்கு லீவுதான்."

சோல்வெய் எழுந்தாள். கட்டிலிலிருந்து வாசலுக்குப் பதினோரு எட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஐந்தாவது எட்டில் நின்றுவிட்டாள். இதே மாதிரி ஒரு நடைக்கு நடுவில்தான் எவெர்ட் விழுந்தார். அவரும் இப்படித்தான் வந்திருப்பார், செம்லாவைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, டேப் ஒட்டியதை எப்படி ஒப்புக்கொள்வது என்று யோசித்துக்கொண்டு. அவள் சுவரோடு சாய்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். மூடி வழியாக அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, அசையவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

மீதி ஆறு எட்டையும் நடந்து போய்ப் பூட்டைத் திருகினாள். வாசலில் பஸ் ஓட்டுகிற பெண் மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"பெர்னில்லா" என்றாள் எழுந்து கையை நீட்டி. "நாற்காலி எங்க இருக்கு? இவ்வளவு வாசம் வரணும்னா காத்து ஓட்டையை அடைச்சுதான் வெச்சிருப்பே, அதை முதல்ல எடுக்கணும். இனிமே நானே தினம் மேல வந்து பார்த்துட்டுப் போறேன், மீன் வேண்டாம்."